தொட்டித் திமிங்கலத்தின் பெயர்

எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத்தில் வருகிற சனிக்கிழமை ஒரு விவாதம். ‘கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும்: நன்மையா, தீமையா?’ பக்கத்துக்கு மூன்று பேர். தீமைக்குப் பேச ஆட்கள் முண்டியடித்துக்கொண்டு கை தூக்கினார்கள். நன்மைக்கு ஒருவரும் தூக்கவில்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கேள்வியே காதில் விழவில்லை.

சங்கச் செயலாளர் என்னைப் பார்த்தார். “அண்டப்புளுகரே, நீங்கதான் தினமும் அக்காகூட கம்ப்யூட்டர்ல பேசறீங்களே. நன்மைப் பக்கம் உங்களைப் போட்டுட்டேன்.”

அண்டப்புளுகர் என்பது என் பட்டப்பெயர். முப்பத்து நான்கு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் படித்துக் குறித்து வந்தவன் நான். நம்பர் பார்ப்பது ஒரு நிமிஷ வேலை. மிச்ச நேரத்துக்கு ஏதாவது பேச வேண்டாமா? ஒரு வீட்டில் மீட்டர் பின்பக்கமாகச் சுற்றியது. வீட்டுக்காரருக்கு மாதம் ஒரு வயது குறைந்துகொண்டே வந்தது. கடைசியாக நான் போனபோது அவருடைய அம்மா கதவைத் திறந்து, “பையன் ஸ்கூலுக்குப் போயிருக்கான்” என்றாள். இதைச் சொன்னதற்குத்தான் அந்தப் பட்டம். நான் என்ன செய்வேன், பார்த்ததைச் சொன்னேன்.

நன்மைப் பக்கத்துக்கு நான் உடனே தலையாட்டினேன். காரணம் என் அக்கா.

அக்காவுக்கு எண்பத்து நான்கு. என்னைவிட ஆறு வயது மூத்தவள். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். ஒரு தடவை நான் டிக்கெட் எடுக்காமல் ஏறிவிட்டேன். அக்கா வண்டிதானே என்ற தைரியம். “டிக்கெட்?” என்றாள். “அக்கா, நான்தான்” என்றேன். “அது தெரியுது. டிக்கெட்?” என்றாள். ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு காட்டு ஸ்டேஷனில் இறக்கிவிட்டுப் போனாள். அங்கே ஒரு கரடிதான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தது, நல்ல மாதிரி, அது வேறு கதை. அக்கா சொன்னால் சொன்னதுதான் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

வேலை முடிந்து அவள் மகனோடு கடல் தாண்டிப் போய்விட்டாள். மகன் கப்பல் இன்ஜினியர். வருஷத்தில் பாதி தண்ணீரில் இருப்பான். அக்கா அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். பதினைந்து வருஷத்துக்கு முன்பு அவளுக்குக் காது முழுக்கப் போய்விட்டது. போன் பயனில்லை. கடிதம் போக இருபத்தொரு நாள். எனக்குக் காய்ச்சல் என்று எழுதினால், உடம்பைப் பார்த்துக்கொள் என்று பதில் வருவதற்குள் அடுத்த காய்ச்சல் வந்திருக்கும். அதற்குப் பொருத்தமாகவே இருக்கும், அதனால் குறை சொல்லவில்லை. ஆனாலும் நாலு வருஷம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை என்பதுதான் நிஜம்.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. எங்கள் தெரு முனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அம்மாள்தான் எனக்கு அக்கவுண்ட் திறந்து கொடுத்தாள். இது நடந்து பதினோரு வருஷம். அன்றிலிருந்து தினம் மத்தியானம் மூன்று மணிக்கு அக்கா ஒரு பொய்யை எழுதுவாள். நான் அதை வளர்ப்பேன். அவள் அதற்குக் கல்யாணம் செய்து வைப்பாள். நாலு மணிக்குப் பேரன் பேத்தி எடுத்துவிடும். காது தேவையே இல்லை. நன்மை என்றால் இதைவிட என்ன நன்மை வேண்டும்?

போன வருஷம் பேப்பரில் ஒரு செய்தி. இன்டர்நெட் திருடர்கள் இப்போது ஆளைப்போலவே எழுதுகிறார்களாம், குரலை, முகத்தைக்கூடச் செய்து காட்டுகிறார்களாம். அக்கா தனியாக இருக்கிறாளே என்று கவலை. கவலையை நேராக எழுதி எனக்குப் பழக்கமில்லை. அதனால் இப்படி எழுதினேன்: ‘எங்கள் தெருவில் ஒருத்தருடைய முகத்தையே இன்டர்நெட்டில் திருடிவிட்டார்கள். காலையில் கண்ணாடியைப் பார்த்தால் முகத்தைக் காணோம். சவரம் செய்ய இடமில்லாமல் சோப்பும் கையுமாக நிற்கிறார். வியாழக்கிழமை வரைக்கும் என் பழைய முகம் ஒன்றைக் கொடுத்திருக்கிறேன்.’

அக்கா எழுதினாள்: ‘டேய், உன் பேரில் திருடன் வந்தால் எனக்கு எப்படித் தெரியும்?’

நான் பெரிய புத்திசாலி மாதிரி எழுதினேன்: ‘சுலபம். நம்ப வைக்க வேண்டுமே என்று திருடன் நிஜத்தைப் பேசுவான். நான் என்றைக்காவது பேசியிருக்கிறேனா?’

‘சரி. நிஜம் பேசினால் திருடன். சட்டம் போட்டாச்சு’ என்று எழுதினாள்.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். அதற்காவது தும்பிக்கை இருக்கிறது.

இந்தத் திங்கட்கிழமை மூன்று மணிக்கு நான் உட்கார்ந்தேன். ஸ்விட்சைப் போட்டேன். பதினோரு வருஷக் கம்ப்யூட்டர் ஒரு தடவை இருமியது. அவ்வளவுதான். ரிப்பேர் அம்மாள் வந்து பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“ஆயுசு முடிஞ்சுதுங்க. என்கிட்ட வேற ஒண்ணு இருக்கு, கொண்டு வரேன். பாஸ்வேர்ட் சொல்லுங்க, போதும்.”

“எந்த பாஸ்வேர்ட்?”

“உங்க பாஸ்வேர்ட்.”

“அது அந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். பதினோரு வருஷமா அதுதான் ஞாபகம் வச்சிருந்துச்சு. நான் கேட்டதே இல்லை.”

வேறு கம்ப்யூட்டர் வந்தது. பாஸ்வேர்ட் மறந்தவர்களுக்கு ஒரு வழி இருந்தது. போன் நம்பருக்குச் செய்தி அனுப்புமாம். அக்கவுண்டில் இருந்த நம்பர், நாங்கள் எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்ட மேசை போன். அப்படியானால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள் என்றது.

‘சின்ன வயதில் நீங்கள் வளர்த்த பிராணியின் பெயர் என்ன?’

என் மனைவி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். “நீங்க எந்தப் பிராணியை வளர்த்தீங்க? கொசுவைத் தவிர உங்க வீட்ல ஒண்ணும் வளரலைன்னு உங்க அம்மாவே சொல்லியிருக்காங்க.”

“அதான் சிக்கல். வளர்க்கலை. ஏதோ ஒரு பேரைப் போட்டிருக்கேன்.”

“எந்தப் பொய்?”

அதுதான் தெரியவில்லை. எழுபத்தெட்டு வருஷத்தில் நான் சொன்ன பொய்யை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. கேட்பவர்கள் சிரிப்பார்கள், போய்விடுவார்கள். அடுத்த தடவை வேறு மாதிரி சொன்னாலும் ஒன்றுமில்லை. பொய்யை எழுதி வைத்துக்கொண்டு, ‘அன்றைக்கு என்ன சொன்னாய், அதையே சொல்’ என்று கழுத்தில் துண்டைப் போட்டுக் கேட்ட முதல் ஆள் இந்த மெஷின்தான்.

என் மனைவி உதவிக்கு வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து கேட்டவள், வரிசையாகச் சொன்னாள். “தேங்காய் உரிக்கிற முதலை இருந்துச்சே?”

“அது பேரு வக்கீல்.”

அடித்தோம். தவறு.

“ஸ்கூலுக்கு டிபன் கொண்டு வந்த நெருப்புக்கோழி?”

“தபால்காரன்.”

தவறு.

“பல்லு வலிச்ச சிங்கம்?”

“அதுக்குப் பேரே வைக்கலை. கூப்பிட்டா வந்துடுமேன்னு பயம்.”

“அப்போ அந்தக் குரங்கு, மீட்டர் படிக்கத் தெரிஞ்சது?”

“அது நான் வேலைக்குச் சேர்ந்த அப்புறம். சின்ன வயசுன்னு கேக்குது.” இருந்தாலும் அடித்தோம். ‘மேலதிகாரி.’ தவறு. ஒரு மணி நேரம் பூட்டிக்கொண்டது. திறந்ததும் மறுபடி மூன்று. அன்று சாயங்காலத்துக்குள் திரையில் இப்படி ஒரு வரி நின்றது: ‘உங்கள் பாதுகாப்புக்காக இந்தக் கணக்கு 30 நாட்களுக்குப் பூட்டப்பட்டுள்ளது.’

என்னிடமிருந்து என்னைக் காப்பாற்றுகிறார்களாம்.

முப்பது நாள் என்ன பெரிய நாள் என்று நீங்கள் கேட்கலாம். வெள்ளிக்கிழமை அக்காவுக்குக் கண் ஆபரேஷன். ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. இன்னொன்று அரைக்கண். ஆபரேஷன் நன்றாக நடந்தால் எழுத்துத் தெரியும். இல்லாவிட்டால் இருக்கிறதும் போகும். காது போனவளுக்குக் கண்ணும் போனால், கடல் தாண்டி இருக்கிற நான் எந்த வழியாக உள்ளே போவேன்? அதற்கு முன்னால் ஒரு மூன்று மணி எனக்கு வேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை இல்லத்துக்குப் போன் செய்தேன். ஒரு மெஷின் எடுத்து, எண்களை அமுக்கச் சொல்லி அதன் பாஷையில் நிதானமாகப் பேசியது. ஏழாவது தடவை ஒரு நர்ஸ் கிடைத்தாள். எனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு என்னுடையது தெரியாது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மரியாதையாகச் சிரித்துவிட்டு வைத்துவிட்டோம். அக்கா மகன் நடுக்கடலில். அடுத்த துறைமுகத்துக்குப் பத்து நாள். ரிப்பேர் அம்மாள் இன்டர்நெட்டிலேயே மொழிபெயர்த்து இல்லத்துக்கு ஒரு மனு அனுப்பினாள். மறுநாள் காலை பதில் வந்தது: ‘உங்கள் அக்கறைக்கு நன்றி. எங்களிடம் தங்கியிருப்பவர்களின் பாதுகாப்புக்காக, உறவினர்கள் தாங்கள் ஏற்கெனவே பதிவு செய்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து மட்டுமே எழுத வேண்டும்.’

பதிவு செய்த முகவரி எது? பூட்டியிருப்பது.

“சாவியை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டு, கதவைத் திறந்து வந்து சாவியை எடுத்துக்கோங்கன்னு சொல்றான் பாருங்க” என்றாள் ரிப்பேர் அம்மாள். அவளுக்கே கோபம். அப்புறம் கொஞ்சம் யோசித்தாள். “புதுசா ஒரு அக்கவுண்ட் திறந்து, அதுலேருந்து உங்க அக்காவுக்கு மெசேஜ் போடுவோம். தெரியாத ஆள்னு காட்டும். அவங்க மனசு வச்சுத் திறந்தா உண்டு.”

புதன்கிழமை போட்டோம். ‘அக்கா, நான்தான்.’ டிக்கெட் இல்லாமல் ஏறியது இது இரண்டாவது தடவை.

வியாழக்கிழமை ரிப்பேர் அம்மாளும் கூட இருந்தாள். மூன்று மணிக்குத் திரையில் எழுத்து வந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். உட்கார்ந்தால்தான் அடிக்க முடியும் என்று என் மனைவி தோளைப் பிடித்து அமுக்கினாள்.

‘யார் நீ?’

‘உன் தம்பி.’

‘என் தம்பி அக்கவுண்ட் வேற.’

‘அந்தக் கம்ப்யூட்டருக்கு மாரடைப்பு. திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தது. கீபோர்டை மட்டும்தான் காப்பாத்த முடிஞ்சது. இப்போ கஞ்சி குடிக்குது.’

அக்கா ஒரே விரலால், அரைக்கண்ணோடு அடிக்கிறவள். மெதுவாக வந்தது:

‘பொய் பரவாயில்ல. ஆனா பொய்யை இப்போ யார் வேணும்னாலும் சொல்றான். இதுக்குப் பதில் சொல்லு. மழை பெஞ்சா, மாடித் தொட்டியில இருந்த சுண்டெலி ஏன் அழும்?’

சுண்டெலி!

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எனக்கு ஐந்து வயதிருக்கும்போது எங்கள் வீட்டு மாடியில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி இருந்தது. ஆழம். மூடி கிடையாது. நான் அதில் ஏறி எட்டிப் பார்ப்பேன். அக்கா என்னை அடிக்கவில்லை. தொட்டிக்குள் ஒரு திமிங்கலம் இருக்கிறது, பெயர் சுண்டெலி, கூச்ச சுபாவம், யாராவது எட்டிப் பார்த்தால் செத்துப்போகும் என்றாள். அன்றிலிருந்து நான் எட்டிப் பார்க்கவில்லை. ஏணிக்குக் கீழே நின்று பேசிவிட்டு வருவேன். பதினோரு வருஷத்துக்கு முன் எனக்கு அக்கவுண்ட் திறந்த அன்று அக்காவிடமிருந்து வந்த முதல் வரியே, ‘சுண்டெலி சௌக்கியமா?’ என்பதுதான்.

பிராணியின் பெயர் அதுதான். வேறெதுவாக இருக்க முடியும்? முதலையையும் நெருப்புக்கோழியையும் தேடிய எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்றால், நான் என் பொய்களில் தேடினேன். சுண்டெலியை நான் அந்தப் பட்டியலில் சேர்த்ததே இல்லை.

அடித்தேன்: ‘கடல்ல இருக்கிற அவங்க அம்மா மழையில நனைஞ்சிடுவாங்களேன்னு அழும்.’

‘டேய் தம்பி!’

என் மனைவி பின்னால் கைதட்டினாள். ரிப்பேர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்ணில் தூசி என்றாள்.

‘எங்கேடா போன மூணு நாளா?’

‘சந்திரன்ல ஒரு மீட்டர் பழுதுன்னு கூப்பிட்டாங்க. போய்ப் பார்த்தா ஸ்விட்சே போடலை.’

‘அதான் போன வாரம் இருட்டா இருந்துச்சா.’

‘அதேதான்.’

‘நாளைக்குக் காலையில எனக்குக் கண்ணு. டாக்டர் பாதிக்குப் பாதிங்கறார்.’

‘எந்தப் பாதின்னு கேட்டியா? மேல் பாதின்னா விமானம் பார்க்கலாம். கீழ் பாதின்னா செருப்புத் தேடலாம்.’

‘கேக்கிறேன்’ என்று வந்தது. பிறகு வெகுநேரம் எதுவும் வரவில்லை. அக்கா ஒரே விரலால் எழுத்தைத் தேடுகிறாள் என்று தெரிந்தது. பிறகு:

‘உனக்கு பயமா இருக்காடா?’

பதில் என்னிடம் தயாராக இருந்தது. ஒன்றல்ல, மூன்று. நானே இரண்டு தடவை கண்ணை மாற்றியவன், பழையதை வைத்துக் குழந்தைகள் கோலி விளையாடுகிறார்கள் என்று ஒன்று. மற்ற இரண்டும் இன்னும் நன்றாக இருந்தன. விரலைக் கீபோர்டுக்குக் கொண்டு போனேன்.

எண்பத்து நான்கு வயதில், பாஷை தெரியாத நர்ஸுகளுக்கு நடுவில், காது கேட்காமல், ஒரு விரலால் அவள் அந்த வரியை அடித்ததை நினைத்தேன். யாருக்குப் பயமாக இருந்து இதைக் கேட்கிறாள்?

இப்படி அடித்தேன்:

‘ஆமாக்கா. ரொம்ப பயமா இருக்கு. உனக்குக் கண்ணு தெரியலைன்னா நான் உன்கிட்ட எப்படிப் பேசறது?’

அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் என் மனைவி, “ஐயோ” என்றாள். அவளுக்கும் சட்டம் தெரியும்.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம்.

‘அடப்பாவி! சுண்டெலி வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்கியே. என் தம்பி அக்கவுண்டை உடைச்சு உள்ளே பூந்து எல்லாத்தையும் படிச்சிருக்கே. ஆனா கடைசியில மாட்டிக்கிட்ட பாரு. என் தம்பி இப்படிப் பேசவே மாட்டான். இறங்குடா வண்டியை விட்டு.’

நான் அடித்தேன், அடித்தேன். கரடி ஸ்டேஷன் மாஸ்டரை அடித்தேன். முகம் இல்லாதவரை அடித்தேன். ஒன்றும் போகவில்லை. கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: ‘இந்த நபருக்கு நீங்கள் இனி செய்தி அனுப்ப முடியாது.’

“பூட்டினதுக்குப் போங்க, அங்கே போங்க, பேருதான் தெரிஞ்சிடுச்சே” என்று என் மனைவி அவசரப்படுத்தினாள். பழைய அக்கவுண்டுக்குப் போனோம். சுண்டெலி என்று அடிக்க இடமே இல்லை. ‘27 நாட்களுக்குப் பிறகு முயலவும்.’

“சரியான பதில் இப்போ நம்மகிட்ட இருக்கும்மா” என்றேன் ரிப்பேர் அம்மாளிடம்.

“இருந்தா என்னங்க. அது இப்போ காதைப் பொத்திட்டு இருக்கு” என்றாள்.

இன்று வெள்ளி. காலையில் செயலாளர் போன் செய்தார். “நாளைக்கு ரெடிதானே? நன்மை?”

“தீமைப் பக்கம் மாத்திக்கலாமா?”

“அங்கே இடமில்லையே. ஏன், என்ன ஆச்சு?”

ஆனதெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். சிங்கம், நர்ஸ், தொட்டி, கடைசி வரி. போனில் அவர் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது வலித்தது. “பிரமாதம், பிரமாதம்! இதை அப்படியே மேடையில சொல்லிடுங்க. கைதட்டல்ல கூரை பிச்சுக்கும். எப்படித்தான் உங்களுக்குத் தோணுதோ!” என்று வைத்துவிட்டார்.

இந்நேரம் ஆபரேஷன் முடிந்திருக்கும். கண்ணுக்குக் கட்டுப் போட்டிருப்பார்கள். எந்தப் பாதி என்று யாருக்கும் தெரியாது. என்னிடம் யார் சொல்லப்போகிறார்கள்?

மூன்று மணி ஆனதும் பழக்கதோஷம், போய் உட்கார்ந்துவிட்டேன். திரையில் ‘26 நாட்களுக்குப் பிறகு’. என் மனைவி ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

“ஒண்ணு மட்டும் எனக்கு நிச்சயம்” என்றேன். “நேத்து என்னை இறக்கிவிட்ட கையோட, அக்கா பழைய அக்கவுண்டுக்குத்தான் எழுதியிருப்பா. ‘டேய் தம்பி, இன்னைக்கு ஒரு திருடன் வந்தான், உன் பேருல. பாவம், நல்லா அழுதான். உனக்குக்கூட அப்படி வராது’ன்னு. எனக்குப் பயமா இருக்குடான்னும் எழுதியிருப்பா. என்கிட்டதானே சொல்லுவா. அது உள்ளே இருக்கு. நான் வெளியே இருக்கேன்.”

இதை என் மனைவி நம்பினாள். பொய்யென்று சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தோம். இருபத்தாறு இருபத்தைந்தாகவில்லை.

“ஏங்க” என்றாள். “இத்தனை வருஷத்துல அந்தத் திமிங்கலக் கதையை மட்டும் என்கிட்ட நீங்க சொன்னதே இல்லையே?”

“அது கதை இல்லை” என்றேன். “தொட்டியில இருந்துச்சு.”

“நீங்க பார்த்தீங்களா?”

“எட்டிப் பார்க்கக் கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்கா.”